உப்பு மண்ணில் இரண்டு நாள்



சனி, ஞாயிறு இரண்டு நாள் விடுமுறை. குடும்பத்தோடு எங்காவது போய் வரலாம் என்று வீட்டில் பேச்சு எழுகிறது. இராமநாதபுரம் பக்கம் என்றால் இராமேசுவரம் கோயில், பாம்பன் பாலம், தனுஷ்கோடி என்று பட்டியல் தயாராகவே இருக்கும். அவற்றையும் பாருங்கள். ஆனால் அந்த இரண்டு நாளில் ஒன்றரை நாளை ஓர் இயற்கைப் பண்ணையில் கழித்தால் என்ன?

காட்சிக்கு வைத்த பண்ணை வேண்டாம். காலையில் சாணம் அள்ளி, பகலில் களை எடுத்து, மாலையில் கணக்குப் பார்க்கும் பண்ணையாக இருக்க வேண்டும். உங்கள் உறவினர் தோட்டமாக இருக்கலாம். அப்பாவுக்குத் தெரிந்த உழவர் ஒருவரின் நிலமாக இருக்கலாம். முன்கூட்டியே சொல்லி, அவருடைய சம்மதம் பெற்றுப் போவது முக்கியம். கமுதி, முதுகுளத்தூர் வட்டாரங்களில் இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் மிளகாய் பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் உழவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிப் போய் வருவது புதிய யோசனை அன்று. 1971-ஆம் ஆண்டு இலண்டனில் அலுவலகச் செயலராகப் பணியாற்றிய சூ கோப்பர்டு என்ற பெண்மணிக்கு, நகரத்தில் வாழ்பவர்களும் வார இறுதியில் கிராமத்தில் போய் உழைக்க வேண்டும் என்று தோன்றியது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் எமர்சன் கல்லூரிப் பண்ணைக்கு முதலில் சென்றவர்கள் நான்கே பேர். உழைப்புக்குக் கூலி இல்லை. உணவும் இடமும் உண்டு. அந்த முயற்சி 'வூஃப்' என்ற பெயரில் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. நம் நாட்டில் மகாராட்டிர மாநிலத்துப் பாராமதி அருகே 2005 முதல் வேளாண் சுற்றுலா நடந்து வருகிறது.

நீங்கள் புறப்படும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்துச் செல்லுங்கள். உப்பும் வறட்சியும் சேர்ந்த இந்தக் கடற்கரை மண், இரசாயன உரம் இல்லாமல் சோறு போடுமா? 'போடும்' என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். 'போடவே போடாது' என்று வேறு சிலர் சொல்வார்கள். இருவரையும் அப்படியே நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். அதற்கு வேண்டியவை ஒரு குறிப்பேடு, இரண்டு கண்ணாடித் தம்ளர், இரண்டு காலிப் பிளாஸ்டிக் புட்டிகள், ஒரு டீ வடிகட்டி, பழைய துணி. இவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை: கட்டியைத் தண்ணீரில் போடுங்கள்

இராமநாதபுரத்தைத் தாண்டியதும் சன்னல் வழியே பாருங்கள். பனை மரங்கள், கண்மாய்க் கரைகள், இடையிடையே கண்ணுக்கு எட்டியவரை சீமைக் கருவேலம். மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த இந்த முள்மரம், தண்ணீர் இல்லாத இடத்திலும் வளரும், உப்பையும் தாங்கும். பயிர் செய்யாமல் விட்ட நிலத்தை அது விரைவில் பிடித்துக் கொள்கிறது. அப்படிப் பிடித்த நிலத்தை மீட்க முடியாதா? முடியும். 2007-இல் பஞ்சாபிலிருந்து வந்த சில உழவர்கள், கமுதி அருகே வல்லந்தை கிராமத்தில் முள்காடாய்க் கிடந்த நிலத்தை வாங்கித் திருத்தி, மா, கொய்யா, நெல்லி முதலிய பழமரங்களை வளர்த்துக் காட்டினார்கள்.

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் சோதனை. பல ஆண்டுகளாகத் தொழு உரம் இட்டுவரும் வயலிலிருந்து நெல்லிக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்று எடுங்கள். அதே வகை மண்ணுள்ள, எரு காணாத நிலத்திலிருந்து இன்னொன்று எடுங்கள். ஒரு கட்டியை டீ வடிகட்டியில் வைத்து, தண்ணீர் நிரம்பிய தம்ளரில் மெதுவாக மூழ்கச் செய்யுங்கள். அடுத்து மற்றக் கட்டியையும் அவ்வாறே செய்யுங்கள்.

எருவுண்ட மண் பெரும்பாலும் கட்டியாகவே நிற்கும். எரு காணாத மண் சில நிமிடங்களில் கரைந்து உதிரும். ஏன்? மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் பூஞ்சை இழைகளும் ஒருவகைப் பசையைச் சுரந்து மண்துகள்களை ஒட்ட வைக்கின்றன. அந்த உயிர்களுக்கு உணவு, மட்கிய இலையும் சாணமும்தான். உணவு இல்லையேல் உயிர் இல்லை. உயிர் இல்லையேல் பசை இல்லை. பசை இல்லாத மண், முதல் மழையிலேயே குழம்பி மேலே பொருக்குத் தட்டிவிடும். விதை முளைத்து வெளியே வர முடியாது.

கலங்கிய தண்ணீர் நெடுநேரம் தெளியாமல் பால்போல நிற்கிறதா? அந்த மண்ணில் சோடியம் மிகுதியாக இருக்கலாம். சோடியம் களிமண் துகள்களை ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கச் செய்கிறது. இந்த வகைக் களர் மண்ணைத் திருத்த எரு மட்டும் போதாது. சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சமும், உப்பைக் கழுவிச் செல்ல நல்ல நீரும் வேண்டும்.

மண் பரிசோதனை நிலையத்தில் 'கரிமம்' என்று ஓர் எண் தருவார்கள். 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் இருந்தால் நிறைவு. பண்ணையாரிடம் அவருடைய மண் அட்டையைக் கேட்டு இந்த எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முந்தைய அட்டையும் இருந்தால் இன்னும் நல்லது. எண் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

உப்பு எப்படி மேலே வருகிறது?

வயலில் ஆங்காங்கே வெள்ளை பூத்த இடங்களைக் காண்பீர்கள். அந்த இடத்தில் பயிர் குட்டையாக, வாடிய முகத்தோடு நிற்கும். ஈரம் இருந்தும் பயிர் வாடுவது ஏன்?

அம்மா மாவடு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மாங்காயும் உப்பும் மட்டும்தான் சாடியில் போனவை. மறுநாள் பார்த்தால் சாடியில் தண்ணீர்! உப்பு, மாங்காயின் உள்ளிருந்த நீரை வெளியே இழுத்துவிட்டது. இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். மண்நீரில் உப்பு மிகுந்தால் பயிரின் வேருக்கும் இதே கதிதான். நீர் பக்கத்திலேயே இருக்கும். வேரால் உறிஞ்ச முடியாது.

சரி, அடியில் உள்ள உப்பு மேலே வருவது எப்படி? அகல் விளக்கின் திரியை நினைத்துக் கொள்ளுங்கள். எண்ணெய் திரி வழியே மேலே ஏறுகிறது அல்லவா? அதுபோல மண்ணின் நுண்துளைகள் வழியே உப்புநீர் மேலே ஏறுகிறது. வெயிலில் நீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. அது மேற்பரப்பிலேயே தங்கி வெள்ளையாகப் பூக்கும்.

இயற்கைப் பண்ணைகளில் வைக்கோல், சருகு, கரும்புத் தோகை, பனையோலை ஆகியவற்றைப் பயிரின் அடியில் பரப்பி வைத்திருப்பார்கள். இதற்கு மூடாக்கு என்று பெயர். வெயில் நேரே மண்ணில் விழாமல் இது தடுக்கிறது. ஆவியாதல் குறைகிறது, உப்பு ஏறுவதும் குறைகிறது. மூடாக்கை விலக்கி விரலால் தொட்டுப் பாருங்கள். பங்குனி வெயிலிலும் அடியில் குளிர்ச்சி தெரியும். மண்புழு தேட வேண்டிய இடமும் அதுதான். கோடையில் வெட்டவெளி மண்ணில் தேடினால் அது கிடைக்காது, ஆழத்துக்குப் போயிருக்கும்.

வீடு திரும்பியபின் இதைச் செய்து பாருங்கள். இரண்டு தொட்டிகளில் ஒரே அளவு மண் எடுத்து, ஒரு தம்ளர் நீருக்கு ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து, இரண்டிலும் சமமாக ஊற்றுங்கள். ஒன்றை வைக்கோலால் மூடுங்கள். இரண்டையும் ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். எதில் வெள்ளை பூக்கிறது என்று பாருங்கள்.

ஓர் ஏக்கரில் விழும் மழை

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்து தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் சுமார் 40,000 லிட்டர். ஆண்டு முழுவதும் 800 மில்லிமீட்டர் என்றால் 32 லட்சம் லிட்டர்! 'தண்ணீர் இல்லாத மாவட்டம்' என்று பெயரெடுத்த ஊரில் ஒவ்வோர் ஏக்கரிலும் இவ்வளவு நீர் விழுகிறது. அது ஓடிப்போகிறதா, நிற்கிறதா என்பதே கேள்வி.

நம் முன்னோர் கண்மாய்களையும் ஊருணிகளையும் வெட்டி வைத்தது இதற்காகத்தான். வைகை ஆற்று நீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து நிறைகிறது. பண்ணையில் பார்த்தால் மூலையில் ஒரு பண்ணைக்குட்டை இருக்கும். வரப்புகள் உயரமாக இருக்கும். இவை கண்ணுக்குத் தெரியும் நீர்த்தேக்கங்கள். கண்ணுக்குத் தெரியாத நீர்த்தேக்கம் ஒன்றும் உண்டு. அது மண்ணுக்குள் இருக்கும் மட்கு.

இதைச் சோதிக்கப் பிளாஸ்டிக் புட்டிகளைக் குறுக்கே வெட்டி, வாய்ப்பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் புனல்போல் வையுங்கள். வாயில் துணி கட்டுங்கள். ஒன்றில் 200 கிராம் மணல் கலந்த காய்ந்த மண். மற்றொன்றில் 180 கிராம் அதே மண்ணும் 20 கிராம் சலித்த மட்கும். இரண்டிலும் 200 மில்லிலிட்டர் நீரை மெல்ல ஊற்றி, கீழே வடியும் நீரை அளந்து எழுதுங்கள். மட்கு கலந்த புனல் கூடுதல் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மழை தவறிய பத்து நாளில் பயிரைக் காப்பாற்றுவது இந்த வேறுபாடுதான்.

எருக்குழியின் சூடு

மாலையில் மாட்டுக்கொட்டிலுக்குப் போங்கள். சாணம், சிறுநீர் ஊறிய வைக்கோல், களைகள், காய்கறிக் கழிவு எல்லாம் எருக்குழிக்குப் போகும். உழவரிடம் கேட்டு, குவியலின் நடுவே ஓர் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுக்கச் சொல்லுங்கள். புதிய குவியலாயின் கம்பி சுடும், சட்டென்று பிடிக்காதீர்கள். நுண்ணுயிர்கள் உணவை எரிக்கும்போது வெளிவரும் வெப்பம் அது. 60 பாகை செல்சியசுவரை கூட ஏறும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் அதில் மடிகின்றன.

இந்த முறையை விஞ்ஞான நெறியில் வகுத்தவர் ஆல்பர்ட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர். 1905-இல் இந்தியாவுக்கு வந்த அவர், நம் உழவர்களே தம் ஆசிரியர்கள் என்று கருதினார். 1924-இல் இந்தூரில் தொடங்கிய நிலையத்தில் அவர் உருவாக்கிய எருத் தயாரிப்பு 'இந்தூர் முறை' என்று உலகெங்கும் பேர்பெற்றது.

இப்போது இன்னொரு கணக்கு. ஒரு பயிருக்கு 50 கிலோ தழைச்சத்து, அதாவது நைட்ரசன் வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரசன் இருக்கிறது. எனவே சுமார் 109 கிலோ யூரியா போதும்; இரண்டரை மூட்டைக்கும் குறைவு. தொழு உரத்தில் நைட்ரசன் ஏறத்தாழ அரை விழுக்காடுதான். எனவே 10,000 கிலோ, அதாவது 10 டன் வேண்டும்! நாட்டு மாடு ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 10 கிலோ சாணம் இடும். மூன்று மாடுகள் ஓராண்டு முழுவதும் இடும் சாணத்துக்குச் சமம் இது. இத்தனையும் அள்ளி, மட்கவைத்து, சுமந்து, பரப்ப வேண்டும். உழவர்கள் ஏன் யூரியாவுக்கு மாறினார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா? அவர்களைக் குறைசொல்வது எளிது. 10 டன் சுமப்பது எளிதன்று.

அப்படியானால் இயற்கை உழவர் என்ன செய்கிறார்? எல்லாச் சத்தையும் மாட்டிடமே கேட்பதில்லை. முதலாவது, ஆட்டுக்கிடை. இந்தச் சீமையின் கீதாரிகள் கோடையில் ஆட்டு மந்தைகளை அறுவடையான வயலில் இரவில் அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் சிறுநீரும் நேரே மண்ணில் சேரும். சுமக்கும் வேலை இல்லை. இரண்டாவது, கண்மாய் வண்டல். வற்றிய கண்மாயின் வண்டலை அள்ளி வயலில் போடுவது பழைய வழக்கம். மூன்றாவது, காற்றிலிருந்தே நைட்ரசனைப் பிடிப்பது!

ஆம், காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரசன்தான். அதை உளுந்து, தட்டைப்பயறு, தக்கைப்பூண்டு போன்ற செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியா பிடித்துத் தருகிறது. ஒரு பயறுச் செடியை வேரோடு பிடுங்கி, முடிச்சு ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது என்று பொருள். நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் உறவுக்காரப் பொருள் ஒன்றே அந்த நிறத்தைத் தருகிறது. தக்கைப்பூண்டு உப்பையும் தாங்கும். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் வயல்களை மீட்கும் பணியில் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் பசுந்தாள் உரத்தைப் பரிந்துரைத்தார்.

இரவில் ஒரு வெள்ளைத் துணி

இரவுச் சாப்பாடு முடிந்ததும் தூங்கிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் முன்னே விளக்கொன்று வையுங்கள். அரைமணியில் துணி முழுவதும் பூச்சிகள். குறிப்பேட்டில் இரண்டு பத்தி போட்டு, 'செடி தின்பவை', 'பூச்சி தின்பவை' என்று உழவரைக் கேட்டுப் பிரித்து எழுதுங்கள். அந்துப்பூச்சிகள் முதல் பத்தியில். கண்ணாடி இறக்கைப் பூச்சி, பொறிவண்டு, கும்பிடுபூச்சி இரண்டாம் பத்தியில்.

பூச்சிமருந்து இரண்டு பத்தியையும் சேர்த்தே அழிக்கும். செடி தின்பவை விரைவில் மீண்டும் பெருகிவிடும். அவற்றைத் தின்பவை பெருக நாளாகும். அதனால்தான் அடிக்கடி மருந்தடித்த வயலில் சில சமயம் பூச்சி முன்னைவிடக் கூடுகிறது. இயற்கைப் பண்ணையில் வரப்போரம் ஆமணக்கு நட்டுப் புழுக்களைத் திசைதிருப்புவார்கள். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து, 100 லிட்டர் நீரில் கலந்து தெளிப்பார்கள். வேம்பிலுள்ள அசாடிராக்டின், புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. வெயிலில் அது சிதைந்துவிடும் என்பதால் மாலையில்தான் தெளிக்க வேண்டும்.

ஞாயிறு காலை: கை எரிகிறதா?

நீங்கள் போவது மாசி, பங்குனி மாதமானால் மிளகாய்ப் பழம் எடுக்கும் காலம். வெயில் ஏறுமுன் களத்தில் இறங்குங்கள். இராமநாதபுரத்து முண்டு மிளகாய் உருண்டையாக, பளபளப்பாக இருக்கும். 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒரு பாத்தி முழுவதும் நீங்களே எடுத்துப் பாருங்கள். முதுகு வலிக்கும். இலைகளையும் கவனியுங்கள். மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் இலைப்பேனின் வேலை. கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் சிலந்திப்பேனின் வேலை. இயற்கைப் பண்ணையிலும் இவை வரும். வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சற்று நேரத்தில் விரல்கள் எரியத் தொடங்கும். தண்ணீரில் எத்தனை கழுவினாலும் போகாது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள். சூட்டை உணர்த்தும் நரம்பு வாயிலையே இந்தப் பொருள் திறந்துவிடுகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கண்ணில் மட்டும் கையை வைத்துவிடாதீர்கள்!

பறித்த பழத்தை எங்கே காயவைக்கிறார்கள் என்று பாருங்கள். ஈரம் இருந்தால் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து அஃப்லடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். இரசாயனம் தெளிக்காத மிளகாயிலும் இது வரக்கூடும். சுத்தமான தார்ப்பாயில் பரப்பி நன்றாகக் காயவைப்பதே காப்பு. 'இயற்கை' என்ற சொல் மட்டும் ஒரு பொருளைத் தூய்மையாக்கிவிடாது.

பிற்பகல்: கடலோரத்து நன்னீர்

திரும்பும் வழியில் தனுஷ்கோடிக்குப் போகிறீர்களா? 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. இருபுறமும் கடல். ஆனால் அங்குள்ள மீனவக் குடும்பங்கள் மணலில் சிறு குழி தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். எப்படி?

மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி 1.025. இந்தச் சிறு வேறுபாட்டால், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் நிற்க முடியும். இதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஒரு மீட்டர் குறைத்தால், அடியில் 40 மீட்டர் நன்னீரை இழக்க நேரும். உப்புநீர் மேலே ஏறும். கடலோரப் பண்ணைக் கிணற்றில் உழவர் ஏன் அளந்து இறைக்கிறார் என்பதற்கு விடை இதுதான். மூடாக்கு போட்டு ஒரு தண்ணீர் மிச்சப்படுத்தினால், அது கிணற்றையும் காக்கிறது.

கடலுக்கு அப்பால் ஒரு பாடம்

தனுஷ்கோடியிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இலங்கையின் தலைமன்னார். அந்நாட்டில் 2021-ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதிக்குத் திடீரென்று தடை போட்டார்கள். அந்நியச் செலாவணி நெருக்கடியும் அதற்கு ஒரு காரணம். போதிய எரு இல்லை. உழவர்களுக்குப் பயிற்சியும் இல்லை. மண் தயாராக நேரமும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது. அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக் கொண்டார்கள்.

நேற்று நீங்கள் போட்ட 10 டன் கணக்கை இங்கே நினைத்துப் பாருங்கள். ஒரு நாடு முழுவதற்கும் அத்தனை எருவை ஒரே பருவத்தில் எங்கே தேடுவது? மட்கிய மண் ஆண்டுக்கணக்கில் உருவாவது. அதனால்தான் நம் நாட்டில் 2001 முதல் உள்ள தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின்படி, சான்றிதழ் பெறுவதற்குப் பொதுவாக ஆண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டும், மரப்பயிர்களுக்கு 3 ஆண்டும் மாறுகாலம் வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையலாம். இயற்கை விளைபொருள் என்ற விலையும் கிடைக்காது. உழவரின் குடும்பம் அதைத் தாங்க வேண்டும்.

மாறிய பிறகு எப்படி? 2012-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, இயற்கை முறையில் விளைச்சல் 5 முதல் 34 விழுக்காடு வரை குறைகிறது என்று காட்டியது. இந்த வேறுபாடு பயிரையும் மண்ணையும் முறையையும் பொறுத்தது. மழையை நம்பிய பயறு வகைகளிலும் பல்லாண்டுப் பயிர்களிலும் குறைவு மிகச் சிறியது, 5 விழுக்காடுதான். உளுந்தும் தட்டைப்பயறும் பழமரங்களும் வளரும் இராமநாதபுரத்துக்கு இது நம்பிக்கை தரும் செய்தி அல்லவா?

புறப்படுமுன் கேளுங்கள்

விடைபெறுமுன் உழவரிடம் மரியாதையோடு இவற்றைக் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

ஐயா, மாறிய முதல் மூன்று ஆண்டு எப்படிச் சமாளித்தீர்கள்? ஏக்கருக்கு எத்தனை வண்டி எரு போடுகிறீர்கள். அதில் வெளியே வாங்குவது எவ்வளவு? களை எடுக்க எத்தனை ஆள்? விளைச்சல் எத்தனை மூட்டை. பக்கத்து நிலத்தில் எத்தனை? விற்ற விலை என்ன? எந்த ஆண்டு நட்டம் வந்தது, ஏன்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நல்ல உழவர் அதற்குத்தான் நீண்ட விடை சொல்வார். பாட்டி, அம்மா, தங்கை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். வீட்டுக்கு மிளகாயும் உளுந்தும் வாங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒரு பாத்தி எடுத்த பிறகு உங்களுக்கே அந்த விலையின் நியாயம் தெரியும்.

ஊர் திரும்பியதும் மண்கட்டிச் சோதனையை உங்கள் பள்ளித் தோட்டத்து மண்ணில் செய்து பாருங்கள். கட்டி கரைந்து போனால், ஒரு மூலையில் எருக்குழி வெட்டி, சத்துணவுக் கூடத்துக் காய்கறிக் கழிவையும் மரச்சருகையும் போட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு இதே மாதம் அதே இடத்திலிருந்து ஒரு கட்டி எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். இரண்டு ஆண்டு முடிவையும் அறிவியல் மன்றக் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.